புல்தரையில் உட்கார்ந்தோம்

786
செங்கல்பட்டு
14-2-1954

ஹபீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. முதல் கடிதம் தபாலில் தொலைந்திருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மூன்றும் தொலையாது. எழுதப் பிரியம் இல்லை என்றால் அதையாவது ஒரு கார்டில் எழுதிப் போடு.

உடம்பைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது. நீரடிமுத்து எண்ணெய் ஊசி நான்கு வருஷம் போட்டு ஆகாததை இந்த மாத்திரை இரண்டு வருஷத்தில் செய்திருக்கிறது. போன மாதம் காது மடலில் கீறிக் குஷ்டக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கிருமி இல்லை. இப்படியே இந்த வருஷம் முழுக்க வந்தால் சர்ட்டிபிகேட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். விரல்கள் மடங்கினது மடங்கினதுதான். உணர்ச்சியும் திரும்பாது. ஆனால் என்னால் யாருக்கும் நோய் வராது.

அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஆபீசுக்கு முன்னால் முப்பது கஜ நீளம், பதினெட்டுக் கஜ அகலத்துக்கு ஒரு இடம் கிடக்கிறது. வெள்ளைக்கார டாக்டர் இருந்தபோது அது புல்தரையாம். அவர் சம்சாரம் அங்கே பந்து ஆடுவாராம். நோயாளிகள் பின்பக்கமாகச் சுற்றித்தான் போகவேண்டுமாம். அவர்கள் கப்பலேறி ஏழு வருஷம் ஆகிறது. இப்போது கோரையும் நெருஞ்சியும் நாயுருவியும் மண்டி, நடுவில் ஒரு எருக்கு என் தோள் உயரம் நிற்கிறது.

மேனேஜர் திருவேங்கடம் அதில் செம்மண் சரளை கொட்டி ஜீப் நிறுத்தப் போகிறார். நான் போய், "சார், அந்த இடத்தை எங்ககிட்ட வுடுங்க. புல்லு போட்டுத் தர்றோம்" என்றேன்.

"இன்னாத்துக்குய்யா புல்லு? மாடு மேய்க்கவா?"

"நாங்க ஒக்கார சார்."

அவர் சிரித்தார், ஹபீபா. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாங்கள் உட்கார ஒரு இடம் கேட்டது அவருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. நேரே டாக்டரம்மாவிடம் போனேன். ஆடி முடிவதற்குள் பச்சை தெரியவேண்டும், இல்லாவிட்டால் சரளைதான் என்று தவணை கொடுத்திருக்கிறார். உணர்ச்சியில்லாத கையால் மண்ணைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டேன். கேட்டபடி நடப்பேன் என்று சொல்லவில்லை.

மகள் பதருன்னிசா எப்படி இருக்கிறாள்? அதற்காவது பதில் எழுது.

பஷீருதீன்


786
புதுப்பட்டினம்
1-3-1954

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மூன்று கடிதமும் வந்தன. மூன்றையும் வைத்திருக்கிறேன்.

உறையின் மேல் ஆஸ்பத்திரி முத்திரை குத்தி வருகிறது. தபால்காரர் அதைக் கையால் கொடுப்பதில்லை. வாசலில் போட்டுவிட்டு நாலு அடி தள்ளி நின்று, "பாயம்மா, ஆஸ்பத்திரி லெட்டரு வந்துகீது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். அடுத்த கடிதத்தை வெறும் உறையில் போடுங்கள். அனுப்புகிறவர் பேரும் வேண்டாம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பதருவுக்குக் கோவளத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது. அமானுல்லா என்று மளிகைக்கடை வைத்திருப்பவரின் இரண்டாவது பிள்ளை. நல்ல பையன் என்கிறார்கள். கிஃபாயத்துல்லா அண்ணன்தான் கொண்டுவந்தார். உங்களைப் பற்றி அவர்கள் கேட்டபோது, மௌத்தாகிவிட்டார் என்று சொல்லலாம் என்றார். அப்படியானால் புருஷன் இறந்தவள் இருக்கவேண்டிய இத்தாவை நான் எப்போது இருந்தேன், கழுத்தில் கருகமணி எதற்கு என்று கேட்டேன். பிறகு நீங்கள் பினாங்கில் இருப்பதாக அண்ணன் அவர்களிடம் சொல்லிவிட்டார். அங்கே தையல் கடை வைத்திருக்கிறீர்களாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் மூன்று கடிதத்துக்கும் பதில் போடவில்லை.

அந்தப் புல் வேலை வேண்டாம். இஸ்திரிப் பெட்டி கையைச் சுட்டுப் புண்ணாக்கினபோது, கறி தீய்கிற வாசம் வருகிறதே என்று அடுப்பைப் பார்க்கச் சொன்னவர் நீங்கள். எனக்கு அது மறக்கவில்லை. அந்தக் கையை நெருஞ்சிக்குள் விடாதீர்கள்.

ஹபீபா


786
பினாங்கு
(செங்கல்பட்டு வழியாக)
9-3-1954

ஹபீபாவுக்கு,

கப்பல் காற்று நன்றாக இருக்கிறது. கடையில் ஏழு மிஷின் ஓடுகிறது. உன் அண்ணனிடம் சொல்.

முத்திரை இல்லாமல் எழுதமாட்டேன். நான் திருடிவிட்டு ஒளிந்திருக்கவில்லை. எனக்கு ஒரு வியாதி வந்தது, அதற்கு வைத்தியம் செய்துகொண்டேன். இந்த ஊர் மருந்தில் குணமானவனுக்கு இந்த ஊர் முத்திரை போதும். தபால்காரர் தெருவுக்கே கேட்கும்படி சொல்லட்டும். பஷீருதீன் உயிரோடு இருக்கிறான் என்றாவது தெருவுக்குத் தெரியும்.

வேலை ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் கோரையை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வார்டிலிருந்து ஆராயி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். மதுராந்தகத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். புருஷன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். அவளைக் கேட்டு யாரும் வருவதில்லை.

"இன்னா பாய், அதுக்கு முடி வெட்டிவுட்டுகினு கீறியா?"

"களை எடுக்கறேன்."

"நீ எடுக்கறது எல. அது கெழங்கு கீழ படுத்துகினு சிரிக்குது. ஒரு முழம் தோண்டு. ஒரு கெழங்கு வுட்டியானா பத்தா எய்ந்துக்கும்."

அவள் சொன்னது சரி. மண்வெட்டியால் புரட்டினால் கருப்பு மணி கோத்ததுபோல் கிழங்கு கிழங்காக வருகிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் நூல் அறுந்து மற்றது உள்ளேயே நின்றுவிடுகிறது. கட்டிகளைப் புரட்டிப்போட்டு சித்திரை வெயிலில் காயவைக்கவேண்டும் என்கிறாள். பிறகு வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, மிச்சக் கிழங்கை முளைக்கவைத்து, திரும்பவும் தோண்டவேண்டுமாம். இப்படி இரண்டு தடவை.

இப்போது ஆராயியும், கால் விரல் போன கருப்பனும் என்னோடு இருக்கிறார்கள். மற்றவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து எங்களுக்கு யோசனை சொல்கிறார்கள்.

கல்யாணத்தைப் பற்றி நான் என்ன எழுத? என்னைக் கேட்டா பேசினீர்கள்?

பஷீருதீன்


786
புதுப்பட்டினம்
2-4-1954

அன்புள்ள மச்சானுக்கு,

கோபமாக எழுதுவது உங்களுக்குச் சுலபம். உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே வியாதி. அங்கே உங்களைப் பார்த்து யாரும் ஒதுங்கப்போவதில்லை. நான் ஊருக்கு நடுவில் இருக்கிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன வருஷம் தெருக் கிணற்றில் என் குடத்தைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். நீங்கள் உட்கார்ந்த மிஷின் என்று ஒரு வருஷம் யாரும் துணி கொடுக்கவில்லை. முதலில் மீனவர் குப்பத்துப் பெண்கள்தான் ரவிக்கை கொடுத்தார்கள். வேண்டா என்று பேர் உள்ள ஒருத்தி, "துணி தச்சா வியாதி வருமா, போ" என்று சொல்லி மூன்று ரவிக்கைத் துணியை மடியில் போட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றவர்கள் வந்தார்கள். இதையெல்லாம் நான் உங்களுக்கு எழுதவில்லை. நோயாளிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது நீங்கள்தான் நோயாளி இல்லை என்கிறீர்களே, அதனால் எழுதுகிறேன்.

பினாங்கு என்று தேதிக்கு மேலே எழுதியிருந்ததைப் பதரு படித்துவிட்டாள். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. கட்டுமரப் பாய்த்துணியை இரண்டு மடிப்பாக வைத்து உங்கள் கைக்கு உறை தைத்திருக்கிறேன். வலது கையில் கடைசி இரண்டு விரலுக்குச் சேர்த்து ஒரே அறையாக விட்டிருக்கிறேன். அவை மடங்கியிருக்கும் அளவு எனக்கு நினைவு இருக்கிறது. ஒரு ஜோடி கிழிந்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழற்றி, ஆராயியிடமோ வேறு யாரிடமோ உள்ளங்கையைக் காட்டுங்கள். உங்களுக்கு வலிக்காது. கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

பார்சலின் மேல் என் முழுப் பேரையும் ஊரையும் எழுதியிருக்கிறேன். போஸ்ட் மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஹபீபா


786
செங்கல்பட்டு
20-5-1954

ஹபீபாவுக்கு,

இதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்துக்கு மன்னித்துக்கொள்.

உறை கைக்குச் சரியாக இருந்தது. தையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், விரல் இடுக்கில் நீ போட்ட இரட்டைத் தையல் எனக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வராது. கை தப்பித்தது. காலைத்தான் கோட்டை விட்டேன். நெருஞ்சி முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. மூன்று நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறேன். சிமெண்டுத் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டுக் கருப்பன்தான், "பாய், யாருது ரத்தம்?" என்று கேட்டான். என்னுடையது.

டாக்டரம்மா திட்டின திட்டை எழுதமுடியாது. ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது. ரமலானுக்கு நோன்பும் வைக்கக்கூடாது என்றுவிட்டார். அது ஒரு துக்கம்.

நான் படுத்ததும் திருவேங்கடம் சரளை வண்டியை வரவழைத்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுவண்டி இரண்டு. நாங்கள் தோண்டிப்போட்ட கட்டிமேல் கொட்டப் போகிறார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போது ஆராயி போய் முதல் வண்டிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"ஆடின்னு சொன்னாங்க. இது வைகாசி. கணக்கு தெரியாதா உனுக்கு?" என்று வண்டிக்காரனைக் கேட்டாள்.

வண்டிக்காரன் அவளைத் தொட்டு எழுப்பப் பயந்தான். நம்மைத் தொடப் பயப்படுகிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பயம் எங்களுக்கு உதவியது. பெண்கள் வார்டிலிருந்து ஒவ்வொருத்தராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி சரளையோடு திரும்பிப் போனது.

இப்போது பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். முதல் கிழங்கு காய்ந்து முடிந்து, தண்ணீர் விட்டு மறுபடி முளைத்ததையும் தோண்டிவிட்டார்கள். நான் படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாகக் கத்துகிறேன். அவர்கள் கேட்பதில்லை. வேலை நன்றாக நடக்கிறது.

பெருநாளுக்குப் பதருவுக்கு என்ன தைத்தாய்?

பஷீருதீன்


786
புதுப்பட்டினம்
11-6-1954

அன்புள்ள மச்சானுக்கு,

பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி. அவள் உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது உங்கள் ஜாடை அப்படியே தெரிந்தது.

பெருநாள் கழிந்து கோவளத்தார் வந்தார்கள். பெண் பார்த்துப் பிடித்துவிட்டது. கார்த்திகையில் நிக்காஹ் வைக்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் எப்ப வர்றாரு பினாங்குலேர்ந்து?" என்று அன்பாகத்தான் கேட்டார். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது உங்கள் காலில் முள் ஏறினது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு என்னால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

கால் எப்படி இருக்கிறது? உண்மையை எழுதுங்கள்.

ஹபீபா


786
செங்கல்பட்டு
14-8-1954

ஹபீபாவுக்கு,

கால் ஆறிவிட்டது. தழும்பு மட்டும்தான். ரப்பர் டயரை வெட்டிச் செருப்பு தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

தவணைக்குள் நட்டுவிட்டோம். பழைய எருவும் பாலாற்று வண்டலும் கலந்து பரப்பி, பந்து ஆடின காலத்துக் கல் உருளை ஒன்று புதருக்குள் கிடந்ததை உருட்டிவந்து மட்டம் செய்தோம். ஆற்றங்கரையில் போய் அருகம்புல் அறுத்து வந்தார்கள். இரண்டு கணு இருக்கும்படி துண்டு துண்டாக நறுக்கவேண்டும், ஒரு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே. நான் கயிற்றில் சுண்ணாம்பு தடவி, துணியில் கோடு அடிப்பதுபோல் தரையில் கோடு அடித்தேன். நாலு விரற்கடைக்கு ஒரு கணு. முப்பது கஜத்துக்கு ஒரு கோடுகூடக் கோணவில்லை.

நட்ட மூன்றாம் நாள் எல்லாம் பழுத்து வைக்கோல் ஆகிவிட்டது. திருவேங்கடம் வந்து ஒரு துண்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போனார். ஆராயி மட்டும், "வேரு புடிக்க வாணாமா? சும்மா கெட" என்றாள். கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினோம். ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஒரு மழை. மறுநாள் காலை தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் பச்சை. நிமிர்ந்து பார்த்தால் மண்தான் தெரியும். டாக்டரம்மா முழங்காலில் உட்கார்ந்து, கன்னம் தரையில் படாத குறையாகப் பார்த்துவிட்டு, "தெரிகிறது" என்றார். இன்று ஆபீஸ் படியில் நின்று பார்த்தாலே தெரிகிறது.

கோரை இன்னும் வருகிறது. வந்தால் தோண்டுகிறோம்.

லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதாக எழுதியிருந்தாயே. சரியான பதில்தான்.

பஷீருதீன்


786
புதுப்பட்டினம்
25-9-1954

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்து எழுதுகிறேன்.

பெண்ணின் தகப்பனார் உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் நிக்காஹ் ஓதமாட்டேன், தாய்மாமன் போதாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். அண்ணன் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பினாங்குலேர்ந்து எழுதின மாதிரி ரெண்டு வரி வாங்கிக்குடு. ஊரு பேரு போடாட்டியும் பரவாயில்ல. மேல முத்திரை இல்லாம இருந்தாப் போதும். அவருக்கு மக மேல பாசம் இருந்தா எழுதுவாரு."

நான் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பதருவுக்குப் பதினேழு முடியப் போகிறது. இந்த இடம் போனால் வெளியூருக்கும் எல்லாம் தெரிந்துவிடும், பிறகு யார் வருவார்கள் என்று அண்ணன் கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் இல்லாத இந்த வருஷங்களில் ஊரில் எனக்காகப் பேச அவர் ஒருவர்தான் இருந்தார். அதையும் மறந்துவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஹபீபா


786
செங்கல்பட்டு
17-10-1954

ஹபீபாவுக்கு,

மூன்று வாரம் யோசித்தேன். இரண்டு வரிதானே, எழுதிக்கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் பேனாவை எடுத்தேன். அந்த வாரத்தில் இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்கிறேன்.

புல் இப்போது விரல் உயரம். அரிவாளால் முதல் தடவை அறுத்து, உருளை போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை காலை எழுந்து பார்த்தால் நடுவில் ஒரு பலகை நட்டிருக்கிறது. மதராசிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்களாம். ஆராயிக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா எய்திகீது பாய்?"

"நோயாளிகள் புல்லின் மேல் நடக்கக்கூடாது."

ஏழு மாதம் அவள் தோண்டின மண் அது.

"நடக்கத்தான கூடாது" என்று சொல்லிவிட்டு, போய்ப் பலகைக்குப் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

நானும் போய் உட்கார்ந்தேன். கருப்பன் வந்தான். பிறகு வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள், வேலை செய்தவர், செய்யாதவர், நடக்க முடியாத இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பத்திரண்டு பேர். யாரும் கோஷம் போடவில்லை. உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

திருவேங்கடம் ஓடிவந்தார். "எய்ந்திருங்கய்யா, பத்து மணிக்கு ஆளுங்க வர்றாங்க, என் மானத்த வாங்காதீங்க" என்றார். கோபம் பாதி, பயம் பாதி.

"சார், இதை எதுக்குக் கேட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். ஒக்காரத்தான்" என்றேன்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. டாக்டரம்மா வந்தார். எங்களையும் பலகையையும் பார்த்தார். "திருவேங்கடம், கஞ்சி நேரம் ஆகிவிட்டது. அண்டாவை இங்கேயே கொண்டுவரச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பத்து மணிக்குப் பெரியவர்கள் வந்தபோது நாங்கள் புல்லில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். பலகையை மறுநாள் திருவேங்கடமே பிடுங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை உன் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். இத்துடன் சம்மதக் கடிதம் வைத்திருக்கிறேன். என் மகள் பதருன்னிசாவின் நிக்காஹுக்கு மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன் என்று எழுதி, நான் இருக்கும் ஆஸ்பத்திரியின் பேர், வார்டு நம்பர், என்ன வியாதிக்கு இங்கே இருக்கிறேன், எத்தனை மாதமாகக் கிருமி இல்லை, எல்லாம் எழுதியிருக்கிறேன். டாக்டரம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முத்திரையும் இருக்கிறது.

இதற்குமேல் என்னால் வேறு எதுவும் எழுதமுடியாது. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். கிழித்தால் உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. நீ ஊருக்கு நடுவில் இருக்கிறாய்.

பஷீருதீன்


786
புதுப்பட்டினம்
29-11-1954

அன்புள்ள மச்சானுக்கு,

கொடுத்துவிட்டேன்.

கோவளத்தார் நாள் குறிக்க வந்திருந்தார்கள். ஹஜ்ரத், அண்ணன், அமானுல்லா பாய், அவர் சம்சாரம். அண்ணன் என்னிடம், "கடிதாசு வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்று சொல்லி ஹஜ்ரத் கையில் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படிக்கத் தொடங்கி, மூன்றாவது வரியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தபடியே, "சத்தமாகவே படிங்க ஹஜ்ரத்" என்றேன். முழுக்கப் படித்தார்.

அமானுல்லா பாய் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். தேநீரைத் தொடவில்லை. அந்த அம்மாள் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது. மறுநாள் நாம் கொடுத்த பட்டுத் துணி திரும்பி வந்தது.

அண்ணன் போட்ட சத்தம் பள்ளிவாசல்வரை கேட்டிருக்கும். "உம் பொண்ணு வாழ்க்கையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கினே" என்றார். அப்போது பதரு உள்ளேயிருந்து வந்தாள். அவள் மாமாவுக்கு எதிரில் பேசி நான் பார்த்ததில்லை.

"அத்தா செத்துட்டாருன்னு ஒரு கல்யாணம், பினாங்குல கீறாருன்னு ஒரு கல்யாணம். ரெண்டும் எனக்கு வாணாம் மாமா. அவர் எங்க கீறாரோ அங்க கீறாருன்னு சொன்னப்புறம் யாரு வர்றாங்களோ, அவங்க போதும்."

"யாரும் வர்லன்னா?"

"மிஷின் கீது. தச்சுக்கினு இருக்கேன்."

அண்ணன் அன்றிலிருந்து இந்தப் பக்கம் வருவதில்லை. துணி கொடுத்தவர்களில் பாதிப்பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிணற்றில் மறுபடி என் குடத்தை நகர்த்தப் பார்த்தார்கள். நான் எடுத்து முன்பிருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு வாரம் இது நடந்தது. அவர்கள் நகர்த்துவார்கள், நான் எடுத்து வைப்பேன். இப்போது நகர்த்துவதில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையா அனுமதி? டிசம்பர் கடைசி ஞாயிறு நானும் பதருவும் வருகிறோம்.

ஹபீபா


786
செங்கல்பட்டு
30-1-1955

ஹபீபாவுக்கு,

நீங்கள் வந்துபோய் ஒரு மாதம் ஆகிறது. ஆராயி இன்னும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள். புல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து அளவு பார்த்தாயே, உறை தைப்பதற்கு. அவள் கையை வெளியாள் ஒருவர் தொட்டு ஒன்பது வருஷம் ஆகிறதாம். பதரு என்னிடம் பேசாமல் பேசாமல் இருந்துவிட்டு, போகும்போது என் சட்டையில் அறுந்த பொத்தானைப் பார்த்துத் திட்டினாள். மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. என் பெட்டியில் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தோட்ட வேலைக்கு இங்கேயே இருக்கிறாயா என்று டாக்டரம்மா கேட்டார். தங்க அறையும் உண்டு. ஆராயி, "நீ போ பாய், புல்ல நான் பாத்துக்கறேன். எனுக்குப் போக வூடு இல்ல, உனுக்குக் கீது" என்கிறாள். நான்தான் பதில் சொல்லவில்லை.

பலகைக்கு முன்னால் தைரியமாக உட்கார்ந்தவன்தான் இதை எழுதுகிறேன். அங்கே நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். ஊருக்கு நான் ஒருவன்தான் வரவேண்டும். இந்த விரல்களோடு தெருவில் நடந்தால் உனக்கு மிச்சம் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் இங்கேயே இருந்துகொண்டு, நீங்கள் மாதம் ஒரு தடவை வந்துபோனால் என்ன? யோசித்து எழுது.

பஷீருதீன்


786
புதுப்பட்டினம்
6-2-1955

அன்புள்ள மச்சானுக்கு,

யோசிக்க ஒன்றும் இல்லை. வாருங்கள்.

நேற்று அண்ணன் ஆள் விட்டிருந்தார். மனம் கேட்கவில்லைபோல. "வர்றதா இருந்தா இருட்டினப்புறம் வரட்டும். கொல்லப்பக்கமா வந்துட்டா யாருக்கும் தெரியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அப்படி வந்தால் கடைசிவரை கொல்லைப்பக்கமாகவே போய்வரவேண்டியிருக்கும் என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் பகல் பஸ்ஸில் ஏறுங்கள். ஒரு மணிக்கு மேல் பள்ளிவாசலுக்கு எதிரே வந்து நிற்கும். ஜும்ஆ தொழுகை முடிந்து ஊர் ஆண்கள் எல்லாம் வாசலில் நிற்கிற நேரம் அது. முந்தின நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே இறங்குங்கள்.

நானும் பதருவும் எதிர்ப்பக்கம் நிற்போம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். கையைத் துண்டுக்குள் மறைக்கவேண்டாம். யாராவது சலாம் சொன்னால் முசாபஹாவுக்கு நீங்களே முதலில் கையை நீட்டுங்கள். அந்தக் கையைப் பிடிக்கிறவர் யார், பிடிக்காதவர் யார் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஹபீபா